கஞ்சிக்கு யார் பொறுப்பு?

போன வருஷம் கமிட்டி அறைக் கதவை டமாரென்று சாத்திவிட்டு வெளியேறினாள் அல்லவா ராஜஸ்ரீ? அன்றிலிருந்து மதினி ருக்மிணியும் நாத்தனார் ராஜஸ்ரீயும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. ஒரே ஆஸ்பத்திரி, ஒரே வராந்தா. லிஃப்டில் சேர்ந்து மாட்டிக்கொண்டால் ஒருத்தி மாடி எண்ணைப் பார்ப்பாள், இன்னொருத்தி தன் செருப்பைப் பார்ப்பாள்.

சண்டை எதற்கென்று புதிதாக வந்தவர்கள் கேட்பார்கள். சொத்துக்கா, நகைக்கா? ஒன்றுமில்லை. ஓர் அடுப்பங்கரைக்கு!

விஷ்ராந்த்வாடியில் ஆலந்தி சாலையை ஒட்டி நிற்கும் அந்த ஆஸ்பத்திரிக்குப் பலகையில் என்ன பெயர் எழுதியிருந்தாலும் ரிக்ஷாக்காரர்களுக்கு அது ‘மதராஸி தவாகானா’தான். பெரிய டாக்டர் சுந்தரமூர்த்தி தகரக் கூரைக்குக் கீழே தொடங்கியது. வார்டு கட்டுவதற்கு முன்னாலேயே பின்பக்கம் அவர் கட்டியது அடுப்பங்கரையை. நோயாளியோடு வந்தவர்கள் அங்கே தங்கள் கையால் சமைத்து எடுத்துப்போய் ஊட்டலாம்.

அவருடைய காலை ரவுண்டு வார்டில் தொடங்காது. அந்த அடுப்பங்கரையில் தொடங்கும். ஸ்டெதஸ்கோப்பைத் தோளில் போட்டுக்கொண்டு, கரண்டியால் ஒவ்வொரு சட்டியின் மூடியையும் தூக்கிப் பார்ப்பார். யார் உப்பை அள்ளிப் போடுகிறார்கள், எந்த நோயாளி நேற்று வைத்த கஞ்சியைத் தொடவில்லை, யார் அடுப்பே மூட்டவில்லை என்பதெல்லாம் அங்கேயே அவருக்குத் தெரிந்துவிடும். சர்க்கரை நோயாளிக்கு இன்சுலின் போடுவதிலும் அவர் சட்டம் கறார். சாப்பாடு கட்டில் பக்கத்துக்கு வந்த பிறகுதான் ஊசி. அதற்கு முன்னால் போட்ட நர்ஸைக் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவார்.

அவர் காலமாகி இரண்டு வருஷமாகிறது. மூத்த மகன் விச்சு எலும்பு டாக்டர். நல்ல மனிதர், யாரிடமும் ‘இல்லை’ என்று சொல்லத் தெரியாது. மகள் ராஜஸ்ரீ பொது வார்டின் டாக்டர்; அவளுக்கு ‘இல்லை’ என்பதைத் தவிர வேறு சொல்லத் தெரியாது என்பது விச்சுவின் கட்சி. நிர்வாகம் முழுக்க விச்சுவின் மனைவி ருக்மிணி கையில். வங்கியில் மேனேஜராக இருந்தவள், மாமனார் கூப்பிட்டார் என்று வேலையை உதறிவிட்டு வந்தாள்.

அவளைச் சும்மா குறை சொல்லவும் முடியாது. அவள் வந்திராவிட்டால் தகரக் கூரை தகரக் கூரையாகவே இருந்திருக்கும். இன்று ஏழு மாடி நிற்கிறது. டயாலிசிஸுக்காகப் பிம்ப்ரியிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் சனங்கள் வருகிறார்கள். எல்லாம் அவள் ஓடி ஓடிச் செய்தது.

கேஸ் சிலிண்டர்கள் இருக்கும் அடுப்பங்கரை தீயணைப்பு விதிகளுக்கு ஒத்துவராது என்றதும் அதை மூடினாள். மின்சார அடுப்பு வைத்து வேறு இடத்தில் நடத்தலாம் என்று ராஜஸ்ரீ கெஞ்சிப் பார்த்தாள். ஆனால் கராடியில் சாஃப்ட்வேர் கம்பெனி நடத்தும் ஸ்ரீநிவாசன், புது மாடிகளுக்கு நன்கொடை கொடுத்தவர், அந்த இடத்தில் பெரிய டாக்டருக்கு ஒரு நினைவு மண்டபம் கட்ட ஆசைப்பட்டார். ருக்மிணி சரி என்றாள்.

ஆக, அடுப்பங்கரையை இடித்து, அதைக் கட்டியவருக்கே அங்கே பளிங்கில் மண்டபம். கேட்டீர்களா கதையை!

மண்டபத் திறப்பு விழா இன்றைக்கு.

*

காலையிலிருந்தே ருக்மிணிக்குக் கால் தரையில் பாவவில்லை. மாம்பழ நிறப் பைத்தானிப் புடவை, கொண்டையில் மல்லிகை. கையில் போன். விருந்தாளிகள் மண்டபத்துக்குப் போகும் வழி பொது வார்டைத் தாண்டித்தான் போகிறது. அந்த வழியை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று வந்தவள் வார்டுக் குளியலறைப் பக்கம் திரும்பியதும் நின்றாள்.

கஞ்சி வாசனை!

குளியலறைக்கு வெளியே, முகம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், ஸ்டூலின் மேல் ஒரு கரண்ட் அடுப்பு. அதன்மேல் சின்னப் பாத்திரத்தில் நொய்யும் பாசிப்பருப்பும் கொதித்துக்கொண்டிருந்தன. வயசான ஒருவர் முதுகை வளைத்துக்கொண்டு கிண்டிக்கொண்டிருந்தார்.

“யாருங்க நீங்க? என்ன இது?”

அந்த மனிதர் கையும் களவுமாகப் பிடிபட்டவர்போல விறைத்து நின்றார். “ஜெபகுமார் மேடம். கட்கில இருந்து வர்றேன். ஃபேக்டரில இருந்து ரிட்டையர் ஆனவன். என் வீட்டுக்காரி மேரி, மூணாவது கட்டில். கால்ல புண்ணு, சுகர்.”

“வார்டுல சமைக்கக் கூடாதுன்னு போர்டு இருக்குல்ல?”

“இருக்கு மேடம். அவளுக்கு கேன்டீன் தால் ஒத்துக்கல. ரெண்டு நாளா வாய்ல வெச்சதும் உல்டி, வாந்தி. காலைலயும் டீ மட்டும்தான் குடிச்சா. முன்னெல்லாம் பின்பக்கம் அடுப்பங்கரை இருந்துச்சு, நானே பண்ணிக் குடுப்பேன். ஜரா அஞ்சு நிமிஷம் மேடம். வெந்துடும்.”

விழாவுக்கு முன்னால் எத்தனை வேலை! அந்த நேரம் பார்த்து ஒரு ஸ்டூல், ஒரு வயர், கொதிக்கிற கஞ்சி. ருக்மிணிக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. சுவிட்சை அணைத்தாள். ஆயாவைக் கூப்பிடக்கூடப் பொறுமை இல்லாமல், முந்தானையால் பாத்திரத்தைப் பிடித்து, பாதி வெந்த கஞ்சியைத் தொட்டியில் கொட்டினாள். ஒரு துளி தெறித்துப் புடவைக் கரையில் ஒட்டிக்கொண்டது.

ஜெபகுமார் கரண்டியைப் பிடித்தபடி தொட்டியையே பார்த்தார்.

அவர் முகத்தைப் பார்த்ததும் ருக்மிணியின் குரல் கொஞ்சம் இறங்கியது. “ஊசி நேரம் முடிஞ்சதும் டிராலி சூடா வந்துடும். உங்க வீட்டம்மாவுக்குத் தால் இல்லாம ரசஞ்சாதம் அனுப்பச் சொல்றேன். நான் பொறுப்பு. போதுமா?”

“நீங்க பொறுப்புன்னா சரி மேடம்,” என்றார் ஜெபகுமார்.

மருந்து வண்டியோடு வார்டு வாசலில் நின்றிருந்த இளம் நர்ஸ் ஸ்டெல்லா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ருக்மிணி அவளைக் கவனித்தாள். ஆனால் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. அடுப்பை முந்தானையால் பிடித்துக்கொண்டு போய்த் தன் அறை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். வார்டு வராந்தாவில் இருக்கிற மின்சாரப் பிளக்குகளை எல்லாம் கழற்றிவிடும்படி எலெக்ட்ரீஷியனுக்கும் போன் செய்தாள்.

ரசஞ்சாதம் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தாள். அதற்குள் ஸ்ரீநிவாசனின் கார் வந்துவிட்டது.

*

கராடியிலிருந்து எதிர்பார்த்ததைவிட நிறையப் பேர் வந்துவிட்டார்கள். கேன்டீன் சூப்பர்வைசர் கையைப் பிசைந்துகொண்டு ஓடி வந்தான். பரிமாற ஆள் போதவில்லையாம்.

“வார்டு டிராலி ஆளுங்களையும் இங்க கூப்பிட்டுக்கோங்க,” என்றாள் ருக்மிணி.

“டிராலி மேடம்?”

“அரை மணி பிந்திப் போனா என்ன முழுகிடும்? முதல்ல இங்க பாருங்க.”

அவ்வளவுதான். ஒரு வாக்கியம். வங்கியில் இருந்த காலத்தில் இப்படி ஆயிரம் முறை சொல்லியிருப்பாள். இந்தக் கவுன்ட்டர் ஆளை அந்தக் கவுன்ட்டருக்கு மாற்றுவதுபோலத்தான் அவளுக்கு அது பட்டது. வார்டில் ஊசி நேரத்தைக் கம்ப்யூட்டர் சொல்கிறது என்பதும், டிராலி பிந்துவது கம்ப்யூட்டருக்குத் தெரியாது என்பதும் அவள் மூளையில் உறைக்கவே இல்லை.

மண்டபம் பளபளவென்று இருந்தது. நடுச்சுவரில் ஆளுயரத்துக்குப் பெரிய டாக்டரின் படம், ரோஜா மாலை. முன்வரிசையில் ராஜஸ்ரீ உட்கார்ந்திருந்தாள். வரமாட்டேன் என்றவளை, “அப்பா படத்தைத் திறக்கறப்ப மக இல்லைன்னா நல்லாவா இருக்கும்?” என்று விச்சுதான் கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தார். மடியில் போனை வைத்துக்கொண்டு, மதினி பக்கம் திரும்பாமல் இருந்தாள்.

ஸ்ரீநிவாசன் படத்தைத் திறந்தார். கைதட்டல். அடுத்து ருக்மிணி மைக்கைப் பிடித்தாள்.

நன்றாகத்தான் பேசினாள். மாமனார் அடுப்பங்கரையில் ரவுண்டு போனதைச் சொன்னாள். கரண்டியால் மூடி தூக்கிப் பார்த்ததை நடித்தே காட்டினாள். சிரித்தார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

“படுக்கையில இருக்கும்போது மாமா என்கிட்ட ஒண்ணு சொன்னாங்க,” என்றாள். “‘ஆஸ்பத்திரியை எவ்வளவு பெருசா வேணும்னாலும் வளர்த்துக்க தாயி. இங்க வர்றவங்க பசியோட மட்டும் படுக்கக் கூடாது’ன்னாங்க. இன்னிக்கு வரைக்கும் அந்த வார்த்தையை நாங்க காப்பாத்திட்டு வர்றோம்.”

கைதட்டல் ஓயவில்லை. அப்போதுதான் ராஜஸ்ரீயின் மடியில் போன் அதிர்ந்தது. எடுத்துக் காதில் வைத்தாள். அடுத்த நொடி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, நாற்காலிகளுக்கு நடுவே விறுவிறுவென்று வெளியே போய்விட்டாள்.

ருக்மிணிக்கு முகம் ஜிவுஜிவு என்று ஆனது. வேண்டுமென்றேதான்! என் பேச்சுக்கு நடுவில், இத்தனை பேர் முன்னால், என் மூக்கை உடைக்க வேண்டுமென்றேதான் எழுந்து போகிறாள்!

மைக்கில் சிரித்துக்கொண்டே சொன்னாள். “பாருங்க, சில பேருக்கு வளர்ச்சின்னாலே அலர்ஜி. டாக்டரா இருந்தாலும் அதுக்கு மருந்து கிடையாது.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஸ்ரீநிவாசன்கூடச் சிரித்தார். விச்சு மட்டும் வாசலைப் பார்த்தார்.

*

சாப்பாட்டுப் பந்தியில் பூரண்போளி போய்க்கொண்டிருந்தபோது ஆயா வந்து ருக்மிணியின் காதில் கிசுகிசுத்தாள். மூணாம் கட்டில் அம்மா விழுந்துட்டாங்க.

விச்சுவும் ருக்மிணியும் வார்டுக்கு ஓடினார்கள். ‘என்ன, என்ன?’ என்று ஸ்ரீநிவாசனும் பின்னாலேயே வந்தார்.

மேரி கட்டிலில் கிடந்தாள். உடம்பு முழுக்க வேர்த்து நனைந்து, தலையணை ஈரமாகியிருந்தது. நெற்றியில் வெட்டுக் காயம். புருவத்தில் ரத்தம் உறைந்திருந்தது. ராஜஸ்ரீ ஒரு கையால் நாடியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் நரம்பில் குளுக்கோஸை ஏற்றிக்கொண்டிருந்தாள். கண்கள் செருகியிருந்த மேரி மெல்ல இமையைத் திறந்தாள். “என்னாச்சு? நான் எங்க இருக்கேன்?” என்றாள்.

ஜெபகுமார் கட்டிலின் கால்மாட்டில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதார்.

நடந்தது என்னவென்று அவர்கள் பேச்சிலிருந்தே தெரிந்துவிட்டது. கம்ப்யூட்டர் மணியடித்ததும் வழக்கம்போல ஸ்டெல்லா இன்சுலின் போட்டிருக்கிறாள். இதோ வந்துவிடும் என்ற டிராலி வரவே இல்லை. வெறும் வயிற்றில் ஊசி. சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கி, நிதானம் தப்பிய மேரி கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்து, குப்புற விழுந்திருக்கிறாள்.

நிமிர்ந்தாள் ராஜஸ்ரீ. “காய் ஹே ஹே? என்ன இது? இது ஆஸ்பத்திரியா, என்ன? சாப்பாடு வராம ஊசி போட்டது யாரு?”

“நான்தான் டாக்டர்.” ஸ்டெல்லா முன்னால் வந்தாள். “ஸ்கிரீன்ல அலர்ட் வந்துச்சு. டெய்லி டிராலி கரெக்டா வரும். இன்னிக்கும் வரும்னு…”

“அப்பா இருந்திருந்தா உன்னைத் தொலைச்சிருப்பாங்க. தெரியுமா?”

“தெரியும் டாக்டர்.”

“சரி. இவர் கஞ்சி வெச்சிருந்தார்னு பக்கத்துக் கட்டில் அம்மா சொல்றாங்க. அதைக் குடிச்சிருந்தாக்கூட இவ்வளவு தூரம் போயிருக்காது. அந்த அடுப்பை யார் எடுத்தது? கஞ்சியை யார் கொட்டினது?”



ஸ்டெல்லா நிமிர்ந்து ருக்மிணியைப் பார்த்தாள். ஒரே ஒரு பார்வை. பிறகு குனிந்துகொண்டாள். ஜெபகுமார் பார்க்கக்கூட இல்லை. தன் கைக்குட்டையை மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

‘நான்தான்’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?  ருக்மிணிக்குப் பின்னால் ஸ்ரீநிவாசன் நிற்கிறார். நாத்தனார் நிற்கிறாள். சற்று முன்னால் மைக்கில், இங்கே வருகிறவர்கள் பசியோடு படுக்கமாட்டார்கள் என்று சொல்லிக் கைதட்டு வாங்கிய வாய் இது. புடவைக் கரையில் காய்ந்து மொடமொடத்த கஞ்சித் துளியைக் கையால் மறைத்துக்கொண்டு நின்றாள்.

“யாரோ ஆயா எடுத்திருப்பா,” என்றார் ஸ்ரீநிவாசன். “அது கிடக்கட்டும். ஊசி போட்ட இந்தப் பொண்ணை முதல்ல வீட்டுக்கு அனுப்புங்க ருக்மிணி. விசாரணையெல்லாம் அப்புறம். வெளியே தெரிஞ்சா பேரு கெட்டுடும்.”

எல்லாரும் ருக்மிணியைப் பார்த்தார்கள்.

“ஸ்டெல்லா,” என்றாள் ருக்மிணி. அவள் குரல் அவளுக்கே வேற்றாள் குரல்போலக் கேட்டது. “நீ வீட்டுக்குப் போ. கூப்பிடறப்ப வந்தா போதும்.”

 ஸ்டெல்லா தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தாள். போகும்போது மேரியின் போர்வையைக் கால்வரை இழுத்துவிட்டுப் போனாள்.

*

நெற்றியில் தையல் போட்டாயிற்று. ஸ்கேனில் பயப்பட ஒன்றுமில்லை. மேரி பிழைத்துக்கொண்டாள். சாயங்காலக் காபி முடிந்து விருந்தாளிகள் மேல்மாடிகளைச் சுற்றிப் பார்க்கப் போயிருந்தார்கள்.

ருக்மிணி தன் அறையில் அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே கரண்ட் அடுப்பு. வயரை அவசரத்தில் எப்படிச் சுருட்டினாளோ அப்படியே இருந்தது.

விச்சு எட்டிப் பார்த்தார். “இங்க இருக்கியா? அவங்க கீழே வந்ததும் மண்டபத்துல ஒரு குரூப் போட்டோவாம். முகத்தைக் கழுவிட்டு வா.”

“என்னங்க, அடுப்பை எடுத்தது நான்தான்.”

விச்சு கதவை மெல்லச் சாத்தினார். ஆச்சரியப்பட்டவராகத் தெரியவில்லை.

“டிராலியை நிறுத்தினதும் நான்தான்,” என்றாள். “கஞ்சியை என் கையாலேயே கொட்டினேன். அவர் அஞ்சு நிமிஷம்தான் கேட்டாரு.”

“அலமாரியைத் திறந்து வெச்சிருக்கியே, பார்த்தாலே தெரியுது.” விச்சு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார். “இன்னிக்கு வேண்டாம் ருக்கு. ஸ்ரீநிவாசன் போகட்டும். இன்னும் ஒரு மாடிக்கு வாக்குக் குடுத்திருக்காரு. ஸ்டெல்லாவை ஒரு வாரம் கழிச்சுக் கூப்பிட்டுக்கலாம். யாருக்கும் நஷ்டமில்ல.”

“அந்தப் பொண்ணு என்னைப் பார்த்தா. பார்த்துட்டுக் குனிஞ்சுகிட்டா.”

“நல்ல பொண்ணு,” என்றார் விச்சு. சொன்ன பிறகு அவருக்கே அது சங்கடமாக இருந்திருக்க வேண்டும். கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார்.

இன்றைக்கு வேண்டாம். எவ்வளவு சௌகரியமான வார்த்தை! ருக்மிணிக்கு அதைப் பிடித்துக்கொள்ள ஆசையாகத்தான் இருந்தது. பிடித்தும் கொண்டாள். அடுப்பை மட்டும் கொடுத்துவிட்டு வந்துவிடலாம், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்தாள். முந்தானைக்குள் அடுப்பை மறைத்துக்கொண்டு, திருடியைப்போலத் தன் ஆஸ்பத்திரியின் பின்படிக்கட்டு வழியாக இறங்கினாள்.

மேரி கண்ணை மூடிப் படுத்திருந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஜெபகுமார் ருக்மிணியைக் கண்டதும் துள்ளி எழுந்தார்.

“மேடம், நீங்க எதுக்கு இவ்வளவு தூரம்? என்னை மன்னிச்சுக்கங்க மேடம்.”

ருக்மிணிக்குக் காதில் சரியாக விழவில்லையோ என்று இருந்தது. “நீங்களா? எதுக்கு?”

“ரூல் இருக்கறப்ப அடுப்பு கொண்டாந்தது என் கல்தி, என் தப்புதான். அப்புறம் அவ பக்கத்துலயே நான் இருந்திருக்கணும். நீங்க பொறுப்புன்னு சொன்னீங்கள்ல, அப்ப சோறு கண்டிப்பா வந்துடும்னு தைரியமா எதிர்த்தாப்ல அம்ருத்துல்யா கடைக்கு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தா கீழ கிடக்குறா.” அவர் குரலைத் தாழ்த்தினார். “ஒண்ணு மட்டும் நம்புங்க மேடம். கஞ்சியைக் கொட்டினது நீங்கன்னு நான் யார்கிட்டயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். பெரிய டாக்டர் வீட்டு ஆளு நீங்க. அவர் பேரு கெடக் கூடாது.”

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது ருக்மிணிக்கு. அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இந்த மனிதர் அவளைக் காப்பாற்றுகிறார்! பெண்டாட்டியின் நெற்றியில் தையலை வைத்துக்கொண்டு, செத்துப்போன மாமனாருக்காக அவளைக் காப்பாற்றுகிறார். கண்ணைத் தூக்கி அவரைப் பார்க்க முடியாமல் அவருடைய ரப்பர் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மேரி கண்ணைத் திறந்தாள். “ஏங்க, அந்தக் கஞ்சி ஜரா இருக்கா? பசிக்குது.”

ஜெபகுமார் சட்டென்று, “இரு, இரு, பார்க்கலாம்,” என்றார். ருக்மிணியின் பக்கம் திரும்பவில்லை.

ருக்மிணி முந்தானையை விலக்கி அடுப்பை நீட்டினாள். “நொய்யி மிச்சம் இருக்கா?”

“இருக்கு மேடம். ஆனா பிளக்?” வராந்தாச் சுவரை அவர் காட்டினார். பிளக் இருந்த இடங்களில் எல்லாம் ஓட்டைகளும் வயர் நுனிகளும் தெரிந்தன. எலெக்ட்ரீஷியன் சொன்ன வேலையைச் சுத்தமாக முடித்துவிட்டுப் போயிருந்தான்.

ருக்மிணி அடுப்பைத் திரும்பவும் கையில் எடுத்துக்கொண்டாள். “பாத்திரம், நொய்யி, பருப்பு, தண்ணி எல்லாம் எடுத்துட்டு வாங்க,” என்றாள்.

*

மண்டபத்தில் யாரும் இல்லை. காலி நாற்காலிகள், வாடத் தொடங்கிய ரோஜா மாலை. பெரிய டாக்டரின் படத்துக்கு விளக்குப் போடுவதற்காகச் சுவரின் அடியில் ஒரு பிளக் வைத்திருந்தார்கள். விளக்கின் வயரைப் பிடுங்கிவிட்டு அதில் அடுப்பைச் செருகினாள் ருக்மிணி. படம் இருட்டாகிவிட்டது.

பைத்தானிப் புடவையோடு பளிங்குத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். நொய்யைக் களைந்து போட்டாள். பருப்பைப் போட்டாள். தண்ணீர் எவ்வளவு என்று தெரியவில்லை. ஜெபகுமார் சொல்லச் சொல்ல ஊற்றினாள். அவர் நாற்காலி நுனியில் ஒட்டிக்கொண்டு, “மேடம், யாராவது வந்துடப் போறாங்க,” என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கஞ்சி கொதித்தது. இந்த இடத்தில் எத்தனை வருஷம் இந்த வாசனை இருந்திருக்கிறது! புதுப் பெயின்ட் வாசனையை அது கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டு வந்தது.

வாசலில் பேச்சுக்குரல் கேட்டது. ஜெபகுமார் பதறி எழுந்தார். ஸ்ரீநிவாசனும் விருந்தாளிகளும், கேமராக்காரரும், பின்னால் விச்சுவும். போட்டோவுக்காக வற்புறுத்தி இழுத்து வரப்பட்டவள்போல முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு கடைசியில் ராஜஸ்ரீ.

ஸ்ரீநிவாசன் அணைந்த படத்தைப் பார்த்தார். கீழே அடுப்பைப் பார்த்தார். அடுப்புக்கு முன்னால் யார் என்பது நாற்காலி வரிசையின் மறைவில் அவருக்குத் தெரியவில்லை. ஜெபகுமாரைப் பார்த்ததும் குரல் உயர்ந்துவிட்டது.

“அரே! யார்யா இங்க அடுப்பு வெச்சது?”

“சாப், நான்தான், நான்தான் சாப், தெரியாம…” என்றார் ஜெபகுமார்.

மறுபடியும்! மறுபடியும் இன்னொருவர் அவளுக்காகக் கழுத்தை நீட்டுகிறார்.

ருக்மிணி எழுந்தாள். கால் மரத்துப்போயிருந்தது, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது. விச்சு வேண்டாம் என்று தலையை லேசாக ஆட்டினார். அதைப் பார்த்துக்கொண்டேதான் பேசினாள்.

“அவர் இல்ல. நான்தான் வெச்சேன்.”

“ருக்மிணி? நீங்களா?”

“காலையில இந்த அடுப்பை வார்டுல இருந்து எடுத்துட்டுப் போனதும் நான்தான். இவர் சம்சாரத்துக்கு வெச்ச கஞ்சியை என் கையால தொட்டியில கொட்டினேன். சோத்துக்கு நான் பொறுப்புன்னு சொல்லிட்டு, உங்களுக்குப் பரிமாற ஆள் போதலைன்னு டிராலியை நிறுத்தினேன். அந்தம்மா பசியில விழுந்தப்ப நான் இங்க மைக்ல பசியைப் பத்திப் பேசிட்டு இருந்தேன்.” நிறுத்தாமல் தொடர்ந்தாள். “ராஜி கேட்டப்ப எனக்கு வாய் வரல. ஸ்டெல்லா தப்பு, சாப்பாடு வராம ஊசி போட்டதோட நின்னுடுச்சு. மிச்சம் அத்தனையும் என்னோடது. எனக்குப் பதிலா அவளை அனுப்பிட்டேன்.”

கேமராக்காரர் கேமராவைத் தாழ்த்திக்கொண்டார். விருந்தாளிகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஸ்ரீநிவாசன் முகத்தில் ஈயாடவில்லை.

“நாளைக்குக் கமிட்டி கூடட்டும்,” என்றார் கடைசியில். “புது மாடியைப் பத்தியும் அங்கேயே பேசிக்கலாம்.” திரும்பி நடந்தார். அவர் பின்னாலேயே மற்றவர்களும் போய்விட்டார்கள். விச்சு மட்டும் போவதா நிற்பதா என்று தெரியாமல் வாசல்படியில் நின்றார்.

ராஜஸ்ரீ உள்ளே வந்தாள். நேராக அடுப்புக்கு வந்து குனிந்து, கரண்டியை எடுத்து, அதன் நுனியால் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். அவள் அப்பா செய்வது போலவே. ருக்மிணிக்கு மேடையில் தான் அதை நடித்துக் காட்டியது ஞாபகம் வந்தது. உடம்பெல்லாம் கூசிற்று.

“வெந்துடுச்சு,” என்றாள் ராஜஸ்ரீ, ஜெபகுமாரிடம். “எடுத்துட்டுப் போய்க் குடுங்க. கொஞ்சம் கொஞ்சமா குடுங்க.”

அவர் பாத்திரத்தைத் துண்டால் பிடித்துக்கொண்டு கிட்டத்தட்ட ஓடினார்.

“ராஜி,” என்றாள் ருக்மிணி. “மைக்ல உன்னைப் பத்தி நான் சொன்னது…”

“கேட்டேன். வராந்தா ஸ்பீக்கர்ல நல்லாவே கேட்டுச்சு.” ராஜஸ்ரீ அடுப்பின் வயரைப் பிடுங்கி, ஒழுங்காகச் சுருட்டினாள். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் ருக்மிணியைக் கொன்றது. “என்கிட்ட ஸாரி சொல்லி என்ன ஆகப் போகுது மதினி? ஸ்டெல்லா போனை அணைச்சு வெச்சிருக்கா. அவ அம்மாவுக்குப் போன் அடிச்சேன். இங்க இருந்து கிளம்பின பொண்ணு இன்னும் பிம்ப்ரிக்கு வந்து சேரலையாம். என் மக ஆஸ்பத்திரியிலதான இருக்கான்னு என்னைக் கேக்கறாங்க. நான் என்ன பதில் சொல்ல?”

 வெளியே ஆலந்தி சாலையில் பஸ்கள் விளக்குப் போடத் தொடங்கியிருந்தன.

“அந்த அம்மா நம்பரைக் குடு,” என்றாள் ருக்மிணி. “நான்தான் அனுப்பினேன்னு நானே சொல்றேன்.”

ராஜஸ்ரீ நம்பரைத் தட்டிப் போனை நீட்டினாள். மணி அடித்தது. அந்தப் பக்கம் எடுத்த அம்மா யார் பேசுகிறார்கள் என்றுகூடக் கேட்கவில்லை. “ஸ்டெல்லா, சாப்பிட்டியாடி?” என்றாள்.